மிதுஷாவின் முதல் வார்த்தை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று நான்கைந்து பேர் விசாரித்தீர்கள். ஒருவர் பதுளை பஸ் ஸ்டாண்டில் வைத்தே கேட்டுவிட்டார் — உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று.

சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. எழுத உட்கார வேண்டிய சனிக்கிழமையில், ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் ஏழு அம்மாமார். நடுவில் ஒரு குவியல் படங்கள். தண்ணீர்ப் பீலி, சோற்றுக் கோப்பை, சிவப்பு ஸ்வெட்டர், ஒரு கோழி...

கோழியை வெட்டும்போது கழுத்தையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அதை விடுங்கள். அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்கிறேன்.

என்னைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். சிங்களக் கடிதத்தைத் தமிழாக்குவேன், தமிழ்க் கடிதத்தைச் சிங்களமாக்குவேன். இருபது வருடமாக இதுதான் வேலை.

மூன்று மாதத்துக்கு முன்பு எனக்குக் காதில் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டு டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். காது பார்க்கிற அறைக்குப் பக்கத்து அறை, பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அறை. இரண்டுக்கும் பொதுவாக, காத்திருப்பவர்கள் உட்கார ஒரே வாங்கு. அதில் என் பக்கத்தில் ஒரு பெண் இருந்தார். முப்பது வயது இருக்கும். பெயர் செல்வராணி என்று பிறகு தெரிந்தது. கொழுந்து பறிக்கிறவர். கிளினிக் நாளில், காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போக முடியாது; அன்றைய பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை.

அவர் மடியோடு சாய்ந்தபடி ஏழு வயது மகள் மிதுஷா. சிவப்பு ஸ்வெட்டரின் சிப்பை மேலே இழுப்பாள், கீழே இழுப்பாள். மேலே, கீழே. அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியின் சத்தம் பிடிக்கவில்லை. நர்ஸ் அதைப் போட்டபோதெல்லாம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, சிங்களம் வாசிக்கத் தெரியுங்களா?" என்று செல்வராணி கேட்டார்.

"தெரியும். என்ன விஷயம்?"

"இந்தத் தாள கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா. நான் செய்றது சரியான்னு ஒரு சந்தேகம்."

நான்காக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் துணி மாதிரி ஆகிவிட்ட ஒரு தாள். வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய பேச்சுப் பயிற்சி. முழுக்கச் சிங்களம். ஆனால் சில வார்த்தைகளுக்கு மேலே மட்டும் நீலப் பேனாவால் தமிழ் எழுத்து. வத்துர. பத். கிரி. எலிய.

தண்ணீர், சோறு, பால், வெளியே. நான்கும் சிங்களச் சொற்கள். எழுத்துத்தான் தமிழ்.

"கடக்கார அண்ணன் வாசிச்சுச் சொன்னாருங்க. நான் அப்பிடியே எழுதிக்கிட்டேன்."

"இதையா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறீங்க?"

"ஆமாங்க. மலையில இருந்து வந்த ஒடனே ஒக்கார வச்சி ஒரு மணி நேரம் சொல்லுவேன். வத்துர, வத்துர, வத்துர..."

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசம்."

தாளை முழுக்க வாசித்தேன். மிதுஷாவை உட்கார வைத்து ஒப்புவிக்கச் சொல்லும்படி அதில் எங்கேயும் இல்லை. அவள் தண்ணீருக்குக் கை நீட்டும்போது, அவள் முகத்துக்கு நேரே கோப்பையைப் பிடித்து, சொல்லை ஒருமுறை சொல்லிவிட்டுப் பத்து எண்ணும்வரை காத்திருங்கள் என்று இருந்தது. கடைக்காரர் பாவம், வியாபாரத்துக்கு நடுவே தடித்த எழுத்தில் இருந்த சொற்களை மட்டும் வாசித்திருக்கிறார்.

"உங்களுக்குச் சிங்களம் பேச வருமா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்கு, கடைக்கு... அந்தளவுதாங்க. மிதுஷாவோட சேந்து நானும் படிக்கிறேன்னு வச்சிக்கங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவர்கள் முறை வந்தபோது, "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். என் காது காத்திருக்கட்டும்.

பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒரு சிங்களப் பெண். வேலைக்கு வந்து அதிக வருடம் ஆகியிருக்காது. தமிழில் 'வாங்க', 'இருங்க', 'நல்லம்' வரை தெரியும். வாசலில் இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் காத்திருந்தும் அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. தரையில் உட்கார்ந்து மிதுஷாவோடு சேர்ந்து அந்த சிப்பை இழுத்தார்.

செல்வராணி என் கையைத் தொட்டார். "மிஸ்கிட்ட சொல்லுங்கக்கா. ஒரு வார்த்த பேசுறா."

சொன்னேன். மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. செல்வராணி பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து உயர்த்திப் பிடித்தார். மிதுஷா போத்தலைப் பார்த்தாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

"வத்துர."

மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவர்கள் வீட்டில் சிங்களமா பேசுகிறார்கள்?"

இல்லை என்றேன். தாளைக் காட்டினேன். நீலப் பேனா எழுத்து என்னவென்று சொன்னேன். அவர் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"தமிழில் மாற்றிச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன்" என்றார். "என்னிடம் தமிழ்த் தாள் இல்லை. கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் இருந்ததைக் கொடுத்தேன்."

எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார் செல்வராணி. "தப்புப் பண்ணிட்டேனாக்கா?"

இருபது வருடத்தில் ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க நான் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை. கடைசியில் அப்படியே சொன்னேன் — தப்புப் பண்ணிவிட்டேனா என்று கேட்கிறார்.

மிஸ் எழுந்து வந்து செல்வராணியின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தார். "நல்லம்" என்றார் தமிழில். "நல்லம், அம்மா." மிச்சத்தைச் சிங்களத்தில் சொல்லி, என்னைப் பார்த்தார். உங்களுக்கே தெரியாத ஒரு மொழியில், பேசாத ஒரு பிள்ளைக்கு ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறீர்கள். அது அவளைக் கெடுக்காது. இரண்டு மொழி எந்தப் பிள்ளையையும் கெடுக்காது. ஆனால் இனிமேல் உங்கள் வாய்க்கு வருகிற மொழியிலேயே பேசுங்கள். நாள் முழுக்கப் பேசுங்கள்.

செல்வராணி தலையாட்டினார். பிறகு தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது ரெண்டு பாசையிலயும் ஒண்ணுதானேக்கா. அம்மாங்கிறது. இதயுந்தான் எட்டு மாசமா சொல்றேன்..."

அந்த ஒரு சொல்லைப் பெயர்த்துச் சொல்லும்படி மிஸ்ஸும் என்னைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அமைதி இல்லை. ஏன் தெரியுமா? விசேட தேவையுடைய பிள்ளைகள் பற்றி எத்தனையோ சுற்றறிக்கைகளைத் தமிழாக்கியவள் நான். உள்ளடக்கக் கல்வி, பெற்றோர் பங்கேற்பு, வளப் பகிர்வு — எவ்வளவு அழகான சொற்கள். ஒவ்வொன்றுக்கும் அகராதி புரட்டியிருக்கிறேன். 'ஓட்டிசம்' என்று போடுவதா 'மதியிறுக்கம்' என்று போடுவதா என்று சக ஊழியரோடு அரை நாள் வாதாடியிருக்கிறேன். அந்தக் காகிதங்கள் போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு பெண் கடைக்காரரிடம் தாளை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

புறப்படும் முன்பு மிஸ் ஒன்று கேட்டிருந்தார். பிள்ளை பாடசாலைக்குப் போகிறாளா? போகிறாள், தோட்டப் பாடசாலையில் விசேட பிரிவு இருக்கிறது, ஃபர்ஹானா டீச்சர் என்று ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றார் செல்வராணி. அந்த டீச்சரோடு பேச முடிந்தால் நன்றாக இருக்கும் என்றார் மிஸ். நான் போய்ப் பார்க்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் போனேன். முன்பு விஞ்ஞானச் சாமான்கள் வைத்திருந்த சின்ன அறை. பாதி அறையில் இன்னும் அலுமாரிகள். மிச்சப் பாதியில் ஏழு பிள்ளைகளும் ஒரு டீச்சரும். ஃபர்ஹானா பதுளை டவுன்காரர். வீட்டில் எல்லோரும் புடைவைக் கடை. இவர் மட்டும் தினமும் விடிந்ததும் பஸ் பிடித்து மேலே வருகிறார். விசேட கல்விக்கென்று அவருக்குக் கிடைத்தது ஒரு வாரப் பயிற்சி. அதன் பிறகு எல்லாம் அவர் பாடு.

ஏதாவது சாமான் சேகரித்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். நல்ல மனதோடு எல்லோரும் கேட்கிற கேள்விதான். அவர் ஓர் அலுமாரியைத் திறந்து காட்டினார். பிளாஸ்டிக் ஸ்ட்ரோபெரிப் பழங்கள், ஆங்கில எழுத்துகள், பனிக்கட்டி வீடு போட்ட புதிர்கள். பாதிக்கு மேல் பை பிரிக்காமலே இருந்தன.

"குடுத்தவங்கள குறை சொல்லக் கூடாது மிஸ்" என்றார். "ஆனா எனக்கு வேண்டியது ஒரு ஆள். இன்னிக்கி இந்தப் புள்ள ஏன் சுவத்துல தலைய முட்டுச்சி, நாளைக்கி நான் என்ன செய்யணும்... கேக்குறதுக்கு ஒரு ஆள். சரியாத்தான் செய்றேன்னு சொல்றதுக்காவது ஒரு ஆள்."

அப்போது மிதுஷா வந்து என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அலுமாரியின் மேல் நேராக வைத்துவிட்டுப் போனாள்.

"எடமாற்றம் கேட்டு விண்ணப்பப் பாரம் நெரப்பி வச்சிருக்கேன்" என்றார் ஃபர்ஹானா, என்னைப் பார்க்காமல். "டவுன் ஸ்கூலுக்கு. பையிலதான் இருக்கு. காலையில குடுப்பம்னு வாரேன். இதுங்க ஓடி வந்து கையப் புடிக்குதுங்க. பின்னேரம் திரும்பக் கொண்டு போறேன்."

நான் கிளினிக் மிஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அப்படி ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது. செல்வராணி சொன்னதில்லையா? சொன்னாராம், 'ஆஸ்பத்திரியில காட்டுறேன்' என்று. யாரிடம், எதற்கு என்று இவரும் கேட்கவில்லை. ஒரு பஸ் தூரத்தில் இரண்டு பெண்கள் எட்டு மாதமாக ஒரே பிள்ளையைப் பேச வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்திக்கு மற்றவளைத் தெரியாது.

இடைவேளையில் என் போனிலிருந்து மிஸ்ஸை அழைத்தேன். நடுவில் இருந்து மொழிபெயர்க்கத் தயாராக, ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. ஃபர்ஹானா என் கையிலிருந்து போனை வாங்கி, சிங்களத்தில் பொரிந்து தள்ளத் தொடங்கிவிட்டார். பதுளை டவுனில் புடைவைக் கடை வீட்டில் வளர்ந்தவருக்குச் சிங்களம் வராமல் இருக்குமா? எனக்குத்தான் அந்த யோசனை வரவில்லை. இவர்களுக்கு நடுவே மொழி தடையாக இருந்ததே இல்லை. ஒருவர் நம்பரை இன்னொருவரிடம் கொடுக்க ஓர் ஆள் இல்லை — அவ்வளவுதான்.

நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். அதாவது, அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டார்கள். போன் பேச்சு மணி அடித்தும் முடியவில்லை. முடிந்தபோது என் கொப்பியில் நான்கு பக்கம் அவர் எழுத்து. ஒரு கோப்பைத் தண்ணீர் முழுக்கக் குடித்துவிட்டுச் சொன்னார்.

"அவங்களும் தனியாத்தான் இருக்காங்க மிஸ்."

அதற்குப் பிறகு வேலைகள் தானாக நடந்தன. வாரத்தில் ஒருநாள் அவர்கள் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளை வீட்டில் தினமும் காண்கிற பொருளைப் போட்டோ எடுத்து, அட்டையாக்கிக் கொடுக்கச் சொன்னார் மிஸ். பேச வராத பிள்ளை வேண்டியதை எடுத்துக் கையில் கொடுக்கலாம். ஸ்ட்ரோபெரி வேண்டாம். பீலி போதும். மிதுஷாவுக்கு முதல் சில அட்டைகளை ஃபர்ஹானாவே செய்து கொடுத்தார்.

செல்வராணிக்கு அதில் பயம். "அட்டையப் பழகுனா வாயே தெறக்காம போயிருவாளோ?" அப்படி ஆகாது, வேண்டியதைக் கேட்டு வாங்குவதில் ருசி கண்ட பிள்ளைக்குப் பேச்சும் கூடத்தான் செய்யும் என்று மிஸ் சொல்லி அனுப்பினார்.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பயிற்சித் தாளைத் தமிழாக்குவது. என் தொழில் அல்லவா? இரண்டு மணி நேரத்தில் முடித்துப் பெருமையோடு கொண்டுபோனேன். 'பிள்ளையுடன் கண் தொடர்பினை ஏற்படுத்திய பின்னர், உரிய சொல்லை உச்சரித்துத் துலங்கலுக்காகக் காத்திருக்கவும்.'

செல்வராணி வாசித்தார். மரியாதையாகத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இதுக்கு அந்தச் சிங்களத் தாளே தேவலக்கா."

ஃபர்ஹானா சிரித்துச் சிரித்து, கடைசியில் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'புள்ள மூஞ்சியப் பாத்து ஒரு தடவ சொல்லுங்க. அப்புறம் பேசாம இருங்க. பத்து எண்ணுங்க. அவசரப்படாதீங்க.' நான் இத்தனை வருடத்தில் செய்த மொழிபெயர்ப்பிலேயே சிறந்தது அதுதான். எழுதியது நானில்லை.

போன சனிக்கிழமை அம்மாமாரைக் கூப்பிட்டது ஃபர்ஹானாவின் யோசனை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அட்டை வெட்டத்தான் வந்தார்கள். வெட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார்கள். ஏழு பேரும் பக்கத்துப் பக்கத்து மலைகளில் கொழுந்து எடுக்கிறவர்கள். ஆனால் பிள்ளையைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லையாம். பேசினால் முந்தின பிறவிப் பாவம், சாபம் என்று ஏதாவது கேட்க வேண்டி வரும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள்.

உங்களுக்கெல்லாம் என்ன ஆசை என்று நான் கேட்டேன். பெரிதாக ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன்.

"ஒரு கல்யாண வீட்டுக்குப் போயி, நடுவுல எந்திரிச்சி ஓடாம, பந்தியில ஒக்காந்து சாப்புடணும்" என்றார் ஒருவர்.

"கோயில் திருவிழாவுல தேரு வர்ற வரைக்கும் நிக்கணும். புள்ளையோடதான்" என்றார் இன்னொருவர்.

கடைசி மூலையில் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார். "என்னயப் பாத்து ஒரு தடவ கோவிச்சுக்கிட்டாக் கூடப் போதும். என்னய பாத்தா சரி."

செல்வராணி நகர்ந்து போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இதைப் படிக்கிற உங்களில் எத்தனையோ பேருக்கு இரண்டு மொழியும் தெரியும். பண்டாரவளையிலும் பதுளையிலும் கடை வைத்திருப்பவர்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள், ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவர்கள்... கிளினிக் வாங்கில் தாளோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். தடித்த எழுத்தை மட்டும் வாசிக்காதீர்கள். முழுக்க வாசியுங்கள். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. ஃபர்ஹானா அந்தப் பாரத்தை இன்னும் கிழிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. அறையில் பாதி இன்னமும் அலுமாரிகளுக்குத்தான். மிதுஷா இன்றுவரை அம்மா என்று அழைக்கவில்லை.

ஆனால் புதன்கிழமை செல்வராணி எனக்குப் போன் எடுத்தார். குரல் ஒரு மாதிரி இருந்ததால் நான் பயந்துவிட்டேன்.

முதல் நாள் மழையால் கொழுந்து நிறுக்கப் பிந்திவிட்டதாம். பாடசாலை விட்டு வந்த மிதுஷாவைப் பக்கத்து லயத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்திருக்கிறாள். பிறகு போய், சுவரில் மாட்டியிருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து வந்து அந்த அக்காவின் கையில் வைத்திருக்கிறாள். அவருக்கு விளங்கவில்லை. வாங்கி மேசையில் வைத்துவிட்டார். மிதுஷா மறுபடி எடுத்துக் கையில் வைத்திருக்கிறாள். மூன்று தடவை.

"என்ன அட்டை?" என்று கேட்டேன்.

"என் போட்டோக்கா. டீச்சர் சும்மா இருக்கட்டும்னு எடுத்துக் குடுத்தது. அவ அதத் தொட்டதே இல்ல. தண்ணி கேட்டுருக்கா, சோறு கேட்டுருக்கா. நேத்து என்னயக் கேட்டுருக்காக்கா."

இன்னொன்றும் சொன்னார்.

அன்று காலை அவர் பெரட்டுக்கு அரை மணி நேரம் பிந்தித்தான் போனாராம். ஏன் பிந்தி என்று கங்காணி எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். "எம் மக என்னயக் கேட்டா" என்று சொன்னாராம் செல்வராணி.

கங்காணி அன்றைய பேரை முழுசாகப் பதிந்துகொண்டாராம்.